டிஃபென்ஸ்மேன் என்றால் யார்? வேலூர் வெயிலில் உட்கார்ந்து ஒரு ஐஸ் ஹாக்கி விளக்கம்

மே மாதம், கத்திரி வெயில். ராத்திரி முழுக்க மொட்டை மாடி கீழே இறக்கிவிட்ட சூட்டில் புரண்டுவிட்டு, விடியற்காலை நாலரைக்கு எழுந்து போனைத் திறந்தால், அந்தப் பக்கம் பத்துப் பேர் பனித்தளத்தில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு பறக்கிறார்கள். வேலூர்க்காரனுக்கு இதைவிடக் குளிர்ச்சியான காட்சி வேறு என்ன வேண்டும்? இந்தப் பழக்கத்தைத் தொற்ற வைத்தவன் டொரண்டோவில் படிக்கும் என் அக்கா மகன். "மாமா, நீங்க ஸ்கூல்ல ஹாக்கி ஆடினவர்தானே, இதைப் பாருங்க" என்று ஒரு ஆட்டத்தை அனுப்பி வைத்தான். அப்போது பிடித்தது, இன்னும் விடவில்லை.

நான் ஆடியது மண் தரையில், அதுவும் பின்வரிசையில் நிற்கும் பேக். எங்கள் பி.டி. வாத்தியார் ஆள் பிரிக்கும் கணக்கு ரொம்ப எளிமையானது. ஓடத் தெரிந்தவன் முன்னால், ஓட வராதவன் பின்னால். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள், நாலு பந்தைத் தடுத்தவன் வீங்கின முழங்காலோடு வீட்டுக்குப் போவான். அதனால் ஐஸ் ஹாக்கி பார்க்க ஆரம்பித்தபோது என் கண் தானாகவே பின்னால் நின்ற இரண்டு பேர் மேல் போனது. அவர்கள்தான் டிஃபென்ஸ்மேன்கள். பார்க்கப் பார்க்கத் தெரிந்தது, எங்கள் வாத்தியாரின் கணக்கு இங்கே அப்படியே தலைகீழ் என்று. அணியிலேயே நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களில் ஒருவரைத்தான் பின்னால் நிறுத்துகிறார்கள். அந்த வேலை என்ன, அதை ஒருவர் தொழிலாகச் செய்தால் வாழ்க்கை எப்படிப் போகும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்டமே தெரியாதவர்களுக்காக அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன், தெரிந்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

தளம் சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், சுற்றிலும் சுவர், அதன் மேல் கண்ணாடி. பந்துக்குப் பதில் பக். கேரம் ஸ்ட்ரைக்கரை ஊதிப் பெருக்கின மாதிரி கறுப்பு ரப்பர் வட்டு, 7.6 சென்டிமீட்டர் விட்டம், 2.5 சென்டிமீட்டர் தடிமன், எடை ஏறக்குறைய ஒரு கிரிக்கெட் பந்தின் எடை. துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் அதை ஃப்ரீசரில் வைத்து உறைய விடுவார்கள். ஒரு அணிக்குத் தளத்தில் ஆறு பேர்: கோலைக் காக்கும் கோலி ஒருவர், முன்னால் மூன்று ஃபார்வர்டு, பின்னால் இரண்டு டிஃபென்ஸ்மேன். 20 நிமிடமாக மூன்று பீரியட். இதில் முக்கியமான விஷயம், கோலியைத் தவிர மற்றவர்கள் விடாமல் கடைசிவரை ஆடுவதில்லை. முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்துச் சறுக்கிவிட்டு பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் சுவரைத் தாண்டிக் குதித்து இறங்குவார். இதற்கு ஷிஃப்ட் என்று பெயர். அணியில் பொதுவாக ஆறு டிஃபென்ஸ்மேன்கள், மூன்று ஜோடி. முதல் ஜோடிக்காரர் 60 நிமிடத்தில் 25 நிமிடம்வரை தளத்தில் இருப்பார். கோலியை விட்டால் அணியிலேயே அதிக நேரம் ஆடுபவர் பெரும்பாலும் ஒரு டிஃபென்ஸ்மேன்தான்.

சரி, அந்த 25 நிமிடம் என்ன செய்கிறார்?

எதிரணி ஃபார்வர்டு பக்கைத் தட்டிக்கொண்டு முழு வேகத்தில் வருகிறார் என்று வையுங்கள். டிஃபென்ஸ்மேன் அவரை நோக்கிப் பாய்ந்தால் தீர்ந்தது கதை, ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடுவார். முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினால் அவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. அதனால் முகம் அவரைப் பார்த்தபடியே இருக்க, பின்பக்கமாகச் சறுக்கிப் போக வேண்டும். அவர் முன்பக்கமாக வரும் அதே வேகத்தில் இவர் பின்பக்கமாக! நடுவில் ஏறக்குறைய ஒரு ஸ்டிக் நீள இடைவெளி. அது கூடினால் அவருக்குக் கோலைப் பார்த்து அடிக்க இடம் கிடைக்கும், குறைந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவார். சடுகுடுவில் பாடி வருபவனை நல்ல பிடிகாரன் எப்படிப் பாய்ந்து பிடிக்காமல், பின்வாங்கிப் பின்வாங்கி மூலைக்கு வரவிடுவானோ, ஏறக்குறைய அந்தச் சங்கதிதான்.

மூலை என்று சொன்னது சும்மா இல்லை. டிஃபென்ஸ்மேன் நடுவழியை மறித்து நின்றுகொண்டு, எதிராளியைச் சுவர் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போவார். ஓரத்திலிருந்து கோலைப் பார்த்தால் கோணம் சின்னதாகிவிடும், கோலி சமாளித்துக்கொள்வார். நம் கோட்டை அகழியை நினைத்துக்கொள்ளுங்கள். அகழி யாரையும் அடிப்பதில்லை, குத்துவதில்லை. எதிரியை எந்த வழியாக வரவிட வேண்டுமோ அந்த வழிக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஐஸ் ஹாக்கி என்றாலே ஆளை இடித்துத் தள்ளுவது என்று நினைக்கிறோம், யூடியூபில் வரும் துண்டு வீடியோக்களும் அதைத்தான் காட்டுகின்றன. என்னைக் கேட்டால், மிகச் சிறந்தவர்கள் ரொம்ப இடிப்பதில்லை. இடிக்க வேண்டிய நிலைமையே வராதபடி முன்கூட்டியே சரியான இடத்தில் போய் நின்றுவிடுகிறார்கள்.

இதோடு வேலை முடிந்துவிடாது. பக்கைப் பிடுங்கினதும், இரண்டு பேர் பாய்ந்து வரும் நேரத்தில், தலையைத் தூக்கிப் பார்த்துத் தன் ஃபார்வர்டுக்கு ஒரு சுத்தமான பாஸ் கொடுக்க வேண்டும். தாக்குதலின் முதல் பாஸ் இவருடையது. அப்புறம் தன் அணி எதிரணியின் பகுதிக்குள் புகுந்ததும் இவர் அந்தப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டில் போய் நிற்பார். அந்தக் கோட்டைத் தாண்டி பக் வெளியே போய்விட்டால், தன் அணிக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டுத்தான் திரும்ப உள்ளே போக முடியும். அதனால் பக் வெளியே போகாமல் பார்க்கும் வாசல் காவலும் இவர்தான், அங்கிருந்தே கோலை நோக்கி விளாசுபவரும் இவர்தான். பின்னால் நிற்பவர் கோல் அடிப்பதா என்று கேட்கத் தோன்றும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஃபீல்டு ஹாக்கி அணிக்கு வெண்கலம் வாங்கித் தந்த கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் பத்து கோல் அடித்தார். அவர் யார்? டிஃபெண்டர்தான். பெனால்டி கார்னர் என்றால் பின்னாலிருந்து வந்து அடிப்பார். இங்கே பவர் ப்ளே என்று ஒன்று உண்டு: எதிரணியில் ஒருவர் தப்பு செய்து இரண்டு நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்திருக்க, நாம் ஐந்து பேர், அவர்கள் நாலு பேர். அந்த இரண்டு நிமிடமும் பக் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் நீலக்கோட்டில் நிற்கும் டிஃபென்ஸ்மேன்.

எல்லாருக்கும் இரண்டும் வராது. சிலர் ஏறி அடிப்பவர்கள், சிலர் வீட்டைக் காப்பவர்கள். அதனால்தான் ஜோடி சேர்க்கிறார்கள், வண்டிக்கு மாடு பூட்டுகிற மாதிரி. ஒருவர் முன்னேறினால் மற்றவர் தங்கிவிட வேண்டும், அதுவும் வாய்விட்டுச் சொல்லாமலே புரிய வேண்டும். இடது பக்கம் நிற்பவர் இடப்பக்கமாக அடிப்பவராகவும், வலது பக்கம் நிற்பவர் வலப்பக்கமாக அடிப்பவராகவும் இருந்தால் சுவரோர பக்கைக் கையாள வசதி. வலப்பக்கமாக அடிக்கும் டிஃபென்ஸ்மேன்கள் எண்ணிக்கையில் குறைவு, அதனால் அவர்களுக்கு மவுசு அதிகம். நம் ஹாக்கியில் இடக்கை ஸ்டிக்கே கிடையாது என்பதால் எனக்கு இது புரியவே ஒரு சீசன் ஆனது.

இப்போது தொழிலுக்கு வருவோம். கனடாவில் ஐந்தாறு வயதிலேயே பிள்ளைகளைத் தளத்தில் இறக்கிவிடுகிறார்கள். பதினாறு வயது வாக்கில் ஜூனியர் லீக். பெரும்பாலும் வெளியூர், பல மணி நேர பஸ் பயணம், தங்குவது முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில். அந்தக் குடும்பமே சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, சொந்தப் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்ளும். நம் பக்கம் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைக்கிற மாதிரி, ஆனால் வார்டனுக்குப் பதில் ஒரு அம்மா. இன்னொரு வழி அமெரிக்கக் கல்லூரி அணிகள். ஸ்வீடன், ஃபின்லாந்து பக்கம் கிளப்களே சின்ன வயதிலிருந்து வளர்க்கின்றன.

பதினெட்டு வயதில் டிராஃப்ட். வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல்.-இல் 32 அணிகள், ஏழு சுற்று, ஆக மொத்தம் 224 பையன்களை அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். ஐ.பி.எல். ஏலம் மாதிரி அங்கே யாரும் விலை கூவுவதில்லை, இன்னாரோடு ஒப்பந்தம் போடும் உரிமை இன்ன அணிக்கு என்பது மட்டும்தான் முடிவாகும். எடுத்துவிட்டார்கள் என்பதாலேயே ஆடப் போகிறார் என்று அர்த்தமில்லை. அதுவும் டிஃபென்ஸ்மேன் என்றால் காத்திருப்பு இன்னும் நீளம். ஃபார்வர்டு தப்பு செய்தால் பின்னால் ஐந்து பேரோ நாலு பேரோ இருக்கிறார்கள். இவர் தப்பு செய்தால் பின்னால் கோலி மட்டும். பதினெட்டு வயதுப் பையனை நம்பி அந்த இடத்தை யார் கொடுப்பார்கள்? அதனால் இரண்டாம் நிலை லீக்கான ஏ.எச்.எல்.-இல் இரண்டு மூன்று வருடம் ஊற வைக்கிறார்கள். டிஃபென்ஸ்மேன் பழுக்க இருநூறு முந்நூறு ஆட்டம் ஆகும் என்று அந்த ஆட்டத்துக்காரர்கள் அடிக்கடி சொல்வதுண்டு.

மார்க் ஜியோர்டானோ கதை எனக்குப் பிடித்த ஒன்று. டொரண்டோக்காரர். டிராஃப்டில் ஒரு அணிகூட அவரை எடுக்கவில்லை. கால்கரி அணி ஓரமாகச் சேர்த்துக்கொண்டது, இரண்டாம் நிலையில் ஆட விட்டது. ஒப்பந்தம் சரிப்படாமல் 2007-08 சீசனை ரஷ்யாவில் போய் ஆடினார். திரும்பி வந்து, அதே கால்கரிக்குக் கேப்டனாகி, 2019-இல் ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையை வாங்கியபோது வயது 35. ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் ஆடிவிட்டார். "இன்னா மாமா, முப்பத்தஞ்சுல நம்ம ஊர்ல ஆளை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே" என்றான் அக்கா மகன். அனுப்புவார்கள்தான்.

இந்த நாரிஸ் கோப்பை 1954-இலிருந்து கொடுக்கப்படுகிறது. அதை அதிகம் வாங்கியவர்களில் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தொழில் எப்படியெல்லாம் போகும் என்பது விளங்கிவிடும்.

முதலாமவர் பாபி ஓர். கனடாவில் பாரி சவுண்ட் என்ற சின்ன ஊர், பதினாலு வயதிலேயே பாஸ்டன் அணி அவரை வளைத்துப்போட்டது, 1966-இல் பதினெட்டு வயதில் பெரிய லீக்குக்கு வந்தார். டிஃபென்ஸ்மேன் பின்னாலேயே நிற்க வேண்டும் என்ற பழக்கத்தை உடைத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். தன் கோலிலிருந்து பக்கை எடுத்துக்கொண்டு தளம் முழுக்கத் தாண்டிப் போய் அவரே அடித்துவிட்டு வருவார். லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவருக்கான பரிசை, அதாவது கோலும் கோலுக்கான பாஸும் சேர்த்த கணக்கில், இரண்டு முறை வாங்கினார். வேறு எந்த டிஃபென்ஸ்மேனும் ஒரு முறைகூட வாங்கியதில்லை. 1968 முதல் 1975 வரை தொடர்ச்சியாக எட்டு நாரிஸ். ஆனால் முழங்கால்! ஒன்றன்பின் ஒன்றாக அறுவை சிகிச்சை, அந்தக் காலத்து மருத்துவத்தில் அது சரியாகவில்லை. 1978-இல் முப்பது வயதில் ஓய்வு. மொத்தம் 657 ஆட்டம். எட்டுக் கோப்பையும் இருபத்தெட்டு வயதாவதற்குள் வாங்கியவை.

இன்னொருவர் ஸ்வீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். 1989 டிராஃப்டில் 53-ஆவது ஆளாக டெட்ராய்ட் எடுத்தது, அதன்பிறகும் இரண்டு வருடம் ஊரிலேயே ஆடிவிட்டு 1991-இல்தான் வந்தார். இருபது சீசன், ஒரே அணி, 1,564 ஆட்டம், லீக்கை வெல்லும் அணிக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கோப்பை நான்கு. ஏழு நாரிஸ் வாங்கினார், அதில் முதலாவது கிடைத்தபோது வயது 31, கடைசியாக வாங்கியபோது 41. ஓர் தன் கோப்பைகளையெல்லாம் வாங்கி முடித்து ஓய்வும் பெற்றுவிட்ட வயதைத் தாண்டித்தான் இவர் கணக்கே ஆரம்பிக்கிறது. அவர் ஆடியதைப் பார்த்தால் முதலில் சப்பென்று இருக்கும். இடி இல்லை, சண்டை இல்லை, அவசரம் இல்லை. பக் எங்கே வரப்போகிறதோ அங்கே ஸ்டிக் ஏற்கெனவே இருக்கும். நான் அவருடைய பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கிறவன், ஓரை விட இவர்தான் எனக்கு உசத்தி. இதற்கு அக்கா மகன் என்னோடு சண்டைக்கு வருவான். பேக்கில் நின்றவனுக்குத்தான் தெரியும் என்று வாயை அடைத்துவிடுவேன்.

வேகம் வயதோடு போகும், கணிப்பு வயதோடு வளரும். அதனால்தான் பின்வரிசைக்காரர்களில் இப்படி நீண்ட காலம் தாக்குப்பிடித்தவர்களைப் பார்க்க முடிகிறது. கிறிஸ் செலியோஸ் 48 வயதுவரை ஆடினார். ஸ்லோவாக்கியாவின் ஸ்டெனோ சாரா 45 வயதில் நிறுத்தியபோது 1,680 ஆட்டம் முடித்திருந்தார், டிஃபென்ஸ்மேன்களில் அதுதான் அதிகம். அவர் உயரம் 206 சென்டிமீட்டர். 2012-இல் ஒரு போட்டியில் அவர் அடித்த ஷாட்டின் வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர். ரே போர்க் இருபது வருடத்துக்கு மேல் பாஸ்டனுக்கு ஆடியும் ஸ்டான்லி கோப்பை கிடைக்கவில்லை, 2000-இல் கொலராடோ அணிக்கு மாறி, 2001-இல் நாற்பது வயதில், தன் கடைசி ஆட்டத்தில் கோப்பையைத் தூக்கினார். பொதுவாகக் கேப்டன்தான் முதலில் தூக்குவார். அன்றைக்கு அந்த அணியின் கேப்டன் ஜோ சாக்கிக், கையில் வாங்கின கோப்பையைத் தான் தூக்காமல் நேராக போர்க்கிடம் கொடுத்தார். இதை வீடியோவில் பார்த்தால் கண் கலங்கும்.

நீண்ட காலம் ஆடினார்கள் என்பதைப் படித்துவிட்டுச் சுகமான வேலை என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 140, 150 கிலோமீட்டரில் வரும் உறைந்த ரப்பரைக் காலாலும் உடம்பாலும் தடுப்பது இவர்கள் அன்றாட வேலை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஹாக்கி ஸ்கேட் படத்தைக் காட்டினேன். "மூக்குப் பக்கம் இவ்ளோ கெட்டியா வெச்சிருக்கான், அப்படின்னா விரல் எத்தனை பேருக்கு நசுங்கியிருக்கும்" என்றார். தொழில் தெரிந்தவர் பேச்சு! அவ்வளவு கெட்டியாக இருந்தும், அதற்கு மேல் தனியாகப் பிளாஸ்டிக் கவசம் மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள், அப்படியும் பாத எலும்பு உடைகிறது. ஸ்கேட்டின் இரும்பு வேறு கத்தி மாதிரி. 2013-இல் எரிக் கார்ல்சன் என்ற ஸ்வீடன் டிஃபென்ஸ்மேனின் குதிகால் தசைநாணை எதிராளியின் ஸ்கேட் அறுத்துவிட்டது. அவர் தேறி வந்து 2022-23 சீசனில் 101 புள்ளி எடுத்ததைப் பெரிய விஷயமாகச் சொல்கிறார்கள், அதற்கு முன் முப்பது வருடமாக எந்த டிஃபென்ஸ்மேனும் நூறைத் தொட்டதில்லை.

தலையில் படும் அடிதான் எல்லாவற்றிலும் மோசம். கிறிஸ் பிராங்கர் 2000-இல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையே வாங்கியவர், 2011-இல் கண்ணில் ஸ்டிக் பட்டு, மூளை அதிர்ச்சியும் சேர்ந்து, ஆட்டம் அதோடு நின்றுபோனது. ஸ்டீவ் மாண்டடார் 2015-இல் 35 வயதில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுபவர்களுக்கு வரும் மூளைச் சிதைவு இருந்தது. அவரும் டிஃபென்ஸ்மேன். மோதல் காட்சிகளைப் பார்த்துக் கை தட்டும்போது இது எனக்கு ஞாபகம் வந்துவிடும், முன்பு மாதிரி தட்ட முடிவதில்லை.

காசு? நிறைய. 2025-26 சீசனில் என்.எச்.எல். குறைந்தபட்ச ஊதியமே 7,75,000 அமெரிக்க டாலர், நம் பணத்தில் ஆறு கோடிக்கு மேல். மேலே சொன்ன கார்ல்சன் 2019-இல் போட்ட எட்டு வருட ஒப்பந்தம் வருடத்துக்கு சராசரியாக 1.15 கோடி டாலர். ஆனால் அதே ஆள் இரண்டாம் நிலை லீக்குக்கு இறக்கப்பட்டால், ஒப்பந்தத்தைப் பொறுத்து சம்பளமும் சரசரவென்று இறங்கும். ஆறாவது ஏழாவது டிஃபென்ஸ்மேன்கள் மேலே ஒரு வாரம், கீழே ஒரு மாதம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டே திரிகிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஒருவரை நல்ல டிஃபென்ஸ்மேன் என்று எந்தக் கணக்கை வைத்துச் சொல்வது? பழைய கணக்கு ப்ளஸ்-மைனஸ். பவர் ப்ளே கிடைத்த அணி அப்போது அடிக்கும் கோல்களை விட்டுவிட்டு, நீங்கள் தளத்தில் இருக்கையில் உங்கள் அணி கோல் போட்டால் உங்களுக்கு ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும். 1970-71-இல் ஓர் 124 கூட்டல் எடுத்தார், இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டை உண்டு. மோசமான கோலிக்கு முன்னால் நின்றால் உங்கள் எண் பாழ், சும்மா நின்றாலும் நல்ல கூட்டாளிகள் இருந்தால் ஏறும். இப்போது ஷாட் எண்ணிக்கை, பக் யார் வசம் இருந்தது என்று என்னென்னவோ கணக்கு வந்துவிட்டது. நான் இன்னும் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

இதெல்லாம் நமக்கு எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: லடாக்கில் குளங்கள் உறைந்ததும் ஊரே ஸ்டிக்கோடு இறங்கிவிடும். 2025-இல் ஆசியக் கோப்பையில் நம் பெண்கள் அணி வெண்கலம் வாங்கி வந்தது. வேலூரில் பனித்தளம் வருமா என்று கேட்காதீர்கள், பாலாற்றில் தண்ணீர் வரட்டும் முதலில்.

பார்க்க ஆசைப்பட்டால் ஒரு வழி சொல்கிறேன். முதல் இரண்டு ஆட்டத்துக்கு பக்கைத் துரத்தாதீர்கள், அது எப்படியும் கண்ணுக்குச் சிக்காது. ஒரு டிஃபென்ஸ்மேனின் நம்பரைப் பிடித்துக்கொண்டு, அவர் சுவரைத் தாண்டி இறங்கினதிலிருந்து பெஞ்சுக்குத் திரும்பும்வரை அவரை மட்டும் பாருங்கள். எப்போது பின்னால் போகிறார், எப்போது நிற்கிறார், ஜோடிக்காரர் ஏறும்போது எங்கே நகர்கிறார் என்று. லீக் அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரல்வரை, அப்புறம் ஜூன்வரை பிளே-ஆஃப். மார்கழியில் டொரண்டோ இரவு ஏழு மணி ஆட்டம் நமக்குக் காலை ஐந்தரை, கத்திரியில் நாலரை. கரண்ட் போகாமல் இருந்தால், பால்காரர் வருவதற்குள் முதல் பீரியட் முடிந்துவிடும்.